பால் பொங்கிய வண்டி

என் மகளுக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போது, அவள் தன் அப்பாவைக் கண்டு பயந்து அழுதாள். பல நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர், ஆசையோடு அவளைத் தூக்கினார். அவள் உடம்பை வில்லாக வளைத்து, என்னைப் பார்த்துக் கைகளை நீட்டிக் கதறினாள். அவர் சிரித்துக்கொண்டே அவளை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனால் அன்று சாப்பிடும்போது மோர் விட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். மோர் இல்லாமல் எழுகிற மனிதர் இல்லை அவர்.

அவருடைய வேலை அப்படி. தஞ்சாவூர்ச் சீமை முழுக்க நெல் அரைக்கும் மில்களில் ஓடுகிற ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அறுவடை முடிந்ததும் மில்காரர்கள் மாறிமாறி ஆள் அனுப்புவார்கள். போனால் மில்லிலேயே சாக்கு விரித்துப் படுத்து, கிடைத்ததைத் தின்று, எப்போது முடிகிறதோ அப்போது வருவார். காரைக்கால் தருமபுரத்து வீட்டில் மாமனாரும் நானும் குழந்தையும்தான் இருப்போம். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். குழந்தைக்குத் தாத்தாவைத் தெரியும், என்னைத் தெரியும், மோர்க்காரியைக்கூடத் தெரியும். அப்பாவை மட்டும் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் அது. காரைக்காலை விட்டு எந்தப் பக்கம் போனாலும் சுங்கச் சாவடியில் நின்று பெட்டியைத் திறந்து காட்டுகிற தொல்லை ஒழிந்திருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார வியாபாரி தன் சரக்கு வேனை விற்றுவிட்டுப் போக, அது கைமாறிக் கைமாறி ஒரு கொட்டகையில் மேல்கூடு இல்லாமல் நின்றது. எஞ்சின் நன்றாக இருந்தது. அதை இவர் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். எலும்பும் சக்கரமுமாக நின்ற அதைப் பார்த்து நான் எதற்கு என்று கேட்டேன்.

"இதுமேல ஒரு வீடு கட்டப்போறேன்," என்றார். "நீயும் பாப்பாவும் என்கூட வந்துடுங்க. மில்லு வாசல்ல நிறுத்திக்கலாம்."

எனக்கு மகிழ்ச்சி வந்ததா பயம் வந்ததா என்று இப்போதுகூட என்னால் சொல்ல முடியவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை வரை படித்தவள் நான். சுகாதாரப் பாடத்தில் குழந்தை வளர்க்கும் அறைக்கு எத்தனை ஜன்னல் வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருக்கிறேன். சக்கரம் வைத்த அறையைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

கூடு கட்டும் வேலையை இவர் எந்த வண்டிப் பட்டறையிலும் கொடுக்கவில்லை. கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் படகு கட்டுகிற ஓடாவி ஒருவர் இருந்தார். முஸ்லிம் பெரியவர், எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். மரத்தில் அவர் கைபட்டால் ஆயுசுக்கும் அசையாது என்று இவருக்கு நம்பிக்கை. பாய் வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, இதுவரை நிலத்தில் போகிற எதையும் கட்டியதில்லை என்று சொல்லி, இருந்தாலும் ஒப்புக்கொண்டாராம்.

கட்டி முடித்து வந்தபோது அது கவிழ்த்த படகு மாதிரி இருந்தது. கூரை வளைவாக, மேலே கித்தான் போர்த்தி, உள்ளே விலா எலும்பு போல வளைந்த கட்டைகள். அதில் ஒன்றில் தூளி கட்டிக்கொள்ள வளையம். பாத்திரம் வைக்கும் பலகைகளுக்கெல்லாம் உயர்ந்த விளிம்பு. எவ்வளவு ஆடினாலும் ஒரு தம்ளர்கூட விழாது. மடக்கினால் பெஞ்சு, பிரித்தால் கட்டில். கட்டிலுக்கு அடியில் இவருடைய ஸ்பானர்களும் வாஷர் டப்பாக்களும். ஒரு மூலையில் தகரம் அடித்து ஸ்டவ் வைக்க இடம். நான் கேட்டபடி இரண்டு பக்கமும் ஜன்னல். என் பழைய புடவையில் திரை தைத்துப் போட்டேன்.

தரையைத்தான் பாய் ரொம்பப் பெருமையாகக் காட்டினார். அடியில் ஒரு தளம்; பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, ஓரங்களைப் படகின் அடிவயிறு போல மேலே வளைத்து அடைத்திருந்தார். அதன்மேல் குறுக்குச் சட்டம் வைத்து, நடப்பதற்கு இன்னொரு வரிசைப் பலகை. "கடல்ல தள்ளிவுட்டாலும் மெதக்கும் தங்கச்சி," என்றார் என்னிடம். "ஒரு சொட்டு உள்ள வராது."

இதைக் கேட்டு எனக்கு அன்று ரொம்ப நிம்மதியாக இருந்தது.

மாமனாருக்குத்தான் மனமில்லை. மெரி என்கிற நகரசபை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபித்துப் பேசமாட்டார்; முடிவைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். எங்கள் இருவரையும் எதிரில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு நடை போய்ட்டு வாங்க. பாக்கலாம். பாப்பாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணு வந்துச்சுன்னா வண்டிய வித்துடணும். அம்மாடி, நீயும் பாப்பாவும் அப்பறம் இங்கதான். அவன் எப்பயும்போலப் போய்ட்டு வரட்டும்."

இவர் சரி என்றார். நானும் தலையாட்டினேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் கஷ்டம். யார் எதைச் சொன்னாலும் அவர்கள் பக்கம் நியாயம் தெரிந்துவிடும் எனக்கு.

புறப்படுவதற்கு முதல்நாள் ஒரு கேள்வி எழுந்தது. இது வண்டியா, வீடா? வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால் போதும். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். எதிர்வீட்டுக்காரர் வண்டிதான் என்றார். மாமனார் யோசித்துவிட்டு, சமைத்துத் தூங்குகிற இடம் வீடுதான் என்று தீர்த்தார். ஆகவே எலுமிச்சம்பழமும் வைத்தோம், பாலும் காய்ச்சினோம்.

புதுப் பித்தளைப் பானையில் விளிம்புவரை பாலை ஊற்றி, வண்டிக்குள் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். மாமனார் கதவருகே நின்றார். பால் பொங்கியது. எங்கள் வாசல் மேடுபள்ளமானது. வண்டி பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தது. பால் முழுக்க மேற்கே வழிந்தது. மாமனார் முகம் மாறிவிட்டது. பால் கிழக்கேயோ வடக்கேயோ வழிய வேண்டும். அவர் இவரைக் கூப்பிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிச் செங்கல் வைக்கச் சொன்னார். மறுபடி பால் வந்தது. இந்தத் தடவை பானையை இறக்க நான் துணியை எடுத்தபோது, "இரு அம்மாடி, நல்லா வழியட்டும்," என்று தடுத்தார். கிழக்கே வழிந்தது. அவர் திருப்தியாகி, குழந்தையின் நெற்றியில் விபூதி பூசினார்.

எல்லாரும் இறங்கிய பிறகு நான் தரையைத் துடைத்தேன். துணி அவ்வளவாக நனையவில்லை. இவ்வளவு பாலும் எங்கே போயிற்று என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வழியில் சாப்பிடப் புளியோதரை கிளற வேண்டியிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். சித்திரை மாதம். இவர் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்ற, எஞ்சின் இருமி இருமி எழுந்தது. திருநள்ளாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்த வயல். தூளியில் குழந்தை, வண்டி இடப்பக்கம் திரும்பினால் தூளி வலப்பக்கம் போகும். அது கட்டையில் இடிக்குமோ என்று நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். இவர் திரும்பிப் பார்த்து, தூளியை விட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒரு தூரம் வரை பார்த்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டேன். அம்பகரத்தூருக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றி, அந்த மரத்தடியிலேயே புளியோதரை சாப்பிட்டோம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சொந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அடுத்த ஊர் வாய்க்காலில் கை கழுவுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

முதல் மில்லில் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாடை வந்தது. புளித்த பால் வாடை.

கைக்குழந்தைக்காரி இருக்கிற இடத்தில் அது இருப்பதுதான். குழந்தை கக்கியிருக்கும் என்று சட்டையை மாற்றினேன். தூளிச் சேலையைத் துவைத்துப் போட்டேன். வாடை போகவில்லை, வெயில் ஏற ஏறக் கூடியது. அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது: மாந்தம். செரிக்காத பால் வயிற்றில் புளித்து, குழந்தையின் மூச்சே புளித்த வாடை அடிக்கும் என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்வார்கள். குழந்தையின் வாயருகே முகர்ந்தேன். அடித்தது. கழுத்தில் முகர்ந்தேன். அங்கேயும் அடித்தது.

பாலை நிறுத்தினேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கையோடு கொண்டுவந்திருந்த உரைமருந்தை உரசி நாக்கில் தடவினேன். அவள் வீரிட்டாள். வயிறு கல்லுபோல இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இருப்பதுபோலத்தான் தெரிந்தது. பிறகு இல்லாததுபோலவும் தெரிந்தது. என்னுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒப்பிட்டேன்.

இவரிடம் சொன்னேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கா?" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். திரும்பிப் போகலாமா என்றும் கேட்கவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். வண்டி போய்விடும், இந்த மனிதர் மறுபடி சாக்கில் படுப்பார், குழந்தை மறுபடி இவரைப் பார்த்து அழும். திரும்பாமல் இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆனால்? பூந்தோட்டத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அடுத்த மில்லும் அங்கேதான், அதுவரை போவோம் என்று அவர் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது சரியா என்று வழி முழுக்க யோசித்தேன்.

பேரளம் தாண்டும்போது நான் மறுபடி உரைக்கல்லை எடுத்தேன். கல்லைப் பார்த்ததுமே குழந்தை தவழ்ந்து, முன்பக்க ஆசனத்தைப் பிடித்து எழுந்து, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். நான் இழுக்க, அவள் இறுக்கினாள். "விடு, விடு, இங்கயே இருக்கட்டும்," என்றார் அவர், மூச்சுத் திணறியபடி. வண்டியை ஓரம் கட்டி, அவளை மடியில் வைத்துக்கொண்டு ஹாரன் ரப்பரை அமுக்கக் கொடுத்தார். மருந்து கொடுக்கிறவள் நான். அவள் ஓடி ஒளிய வேறு ஆளில்லை. அவருடைய சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னை ஒரு கண்ணால் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

பூந்தோட்டத்து மில்காரர் வீட்டு அம்மா வண்டியைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நத்தை மாதிரி வீட்டத் தூக்கிக்கிட்டே வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, எங்களை உள்ளே அழைத்தார். டாக்டர் வெளியூர் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவாராம். நான் மாந்தம் என்றதும் அந்த அம்மா குழந்தையை வாங்கி வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காதருகே முகர்ந்தார்.

"இது மாந்தம் இல்ல. பசி. எப்பம்மா பால் குடுத்தே?"

நான் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து பிள்ளை பெற்றவர் என்று பிற்பாடு தெரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி, பால் சோறு பிசைந்து ஊட்டினார். அவள் கிண்ணத்தையே பிடுங்கித் தின்றாள். தின்றுவிட்டு அங்கேயே கூடத்தில் தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை முகர்ந்தேன். சோப்பு வாடைதான் வந்தது. மறுபடி முகர்ந்தேன். நம்பத் தைரியம் வரவில்லை.

மாற்றுச் சட்டை எடுக்க வண்டிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. குழந்தையோ உள்ளே கூடத்தில் தூங்குகிறாள். வாசற்படியில் நின்று இதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு தலையணையை முகர்ந்தேன், பெட்டியை முகர்ந்தேன், முட்டிபோட்டுத் தரையில் மூக்கை வைத்தேன்.

மில்லுக்குள் ஓடி இவரை அழைத்து வந்தேன். ஸ்பானரால் நெம்பி ஒரு பலகையைத் தூக்கினார். அடியில், பாய் ஒரு சொட்டும் உள்ளே வராமல் அடைத்த அந்தத் தளத்தில், ஒரு சொட்டும் வெளியே போகாமல், இரண்டு தடவை பொங்கிய பாலும் கட்டியும் நீருமாகத் திரிந்து கிடந்தது. நடுவில், ஓரத்து இடுக்கில் எப்போதோ விழுந்துபோன குழந்தையின் கிலுகிலுப்பை மிதந்தது.

இவர் கிலுகிலுப்பையை எடுத்து உதறினார். "எங்கப்பா தயிருக்கு ஒறை ஊத்தி வச்சிருக்காரு," என்றார்.

நான் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தபின் நிறுத்த முடியாமல் அழவும் செய்தேன். இருவரும் படகில் தண்ணீர் இறைப்பதுபோல் கொட்டாங்குச்சியால் இறைத்தோம். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தோம். மில்காரர் வீட்டு அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, மோர் தானம் செய்கிறீர்களா என்று கேட்டார். சாயங்காலம் டாக்டர் வந்தபோது நான் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன். எதற்கு என்று இவர் கேட்டார். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் என்றேன். டாக்டரும் ஒன்றும் இல்லை என்றார்.

ஊர் திரும்பும் வழியில் எனக்கு வேறு கவலை பிடித்தது. வாடை முழுக்கப் போகவில்லை. மாமனார் கேட்பார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தோம் என்றால் வண்டி போய்விடும். பால்தான் காரணம் என்றால், அவர் ஆசையாகச் செய்த நல்ல காரியத்தைக் குறை சொன்னதாகிவிடும். அதுவும் மருமகள் வாயால். பேசாமல் இருந்துவிடலாமா என்றால், அடுத்த மழைக்கு அதே தரையில் தண்ணீர் தேங்கும். திருநள்ளாறு வருவதற்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வண்டி நின்றதும் மாமனார் வெளியே வந்தார். கதவருகே வந்ததுமே மூக்கைச் சுளித்தார். "பாப்பாவுக்கு என்ன?" என்று கேட்டுக் கைகளை நீட்டினார்.

குழந்தை அவரிடம் போகவில்லை. அப்பாவின் தோளில் ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் நீட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல இறக்கினார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல மாமா. பலகைக்கு அடியில பால் நின்னுடுச்சு. நாம காய்ச்சுன பால்."

நாம என்றுதான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டாந்தடவையும் காய்ச்சச் சொன்னது நான்ல," என்றார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாப்பா தும்முனாளா?"

"இல்ல மாமா."

"இருமுனாளா?"

"இல்ல."

"அப்பறம் என்ன," என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் எங்களுக்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு, கிளிஞ்சல்மேட்டுக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

தரையில் ஓர் ஓட்டை போட வேண்டும் என்று இவர் சொன்னதும் பாய் எழுந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"எங்க வாப்பா காலத்துலேருந்து ஓட்டைய அடைக்கிற தொழிலு தம்பி இது. அடியில ஓட்ட போடச் சொல்லி என்கிட்டயே வர்றீங்களே?"

இது தண்ணீரில் போகாதே என்றார் இவர். எதில் போனாலும் அடி அடிதான் என்றார் பாய். நான் இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமனார் பேசினார்.

"பாய், பால் பொங்குனா வெளிய வழியணும். உள்ளயே நின்னா அது வீடு இல்ல, பான."

பாய் தாடியைத் தடவினார். வண்டிக்கடியில் போய்ப் படுத்து, இடுக்கில் பஞ்சு அடைத்த தன் கலப்பத்து வேலையைக் கையால் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, ஓட்டை போடுகிறேன், ஆனால் அடைப்பான் இல்லாமல் வண்டியைத் தரமாட்டேன் என்றார். அப்படியே, ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்குத் துளைத்து, அதற்குப் புன்னைக் கட்டையில் ஓர் அடைப்பான் சீவி, கயிறு கட்டிக் கொடுத்தார். துளை போடும்போது மட்டும் பிஸ்மில்லா சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. வண்டி இருக்கிறது. கடல் காற்றில் துரு ஏறாமல் இருக்க, வாரா வாரம் நான்தான் நட்டு போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் தடவுகிறேன். கூரைக் கித்தானுக்கு மழைக்கு முன் தார் பூச வேண்டும். இந்த வருஷம் இன்னும் பூசவில்லை, அது ஒரு கவலை. தூளி கட்டிய வளையத்தில் இப்போது அரிக்கேன் விளக்கு தொங்குகிறது. அடைப்பானைப் போட்டேனா எடுத்தேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்திருக்கிறேன். இவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பார்.

ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்து முதல் நடை கிளம்பும் முன் மாமனார் வண்டிக்குள் பால் காய்ச்சச் சொல்கிறார். அதற்கு முன்னால் அவரே கயிற்றை இழுத்து அடைப்பானை எடுத்துவிடுவார். பால் பொங்கும். உடனே அவர் கீழே இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வண்டிக்கடியில் பார்ப்பார். பேத்தியும் பக்கத்தில் குந்துவாள். துளை வழியே வெள்ளையாக ஒரு தாரை இறங்கி மணலில் விழும். விழுந்த இடத்திலேயே மறைந்துவிடும்.

எந்தத் திசையில் போகிறது என்று இந்த வருஷம் எதிர்வீட்டுக்காரர் வேண்டுமென்றே கேட்டார்.

"பூமிக்குப் போவுது," என்றார் மாமனார், நிமிர்ந்து இடுப்பைத் தட்டிக்கொண்டே. பிறகு பேத்தியைத் தேடினார். அவள் அதற்குள் முன்பக்கம் ஏறி, அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஹாரனை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க," என்றார்.